தலைவர் கலியாணம்

பேரின்பநாயகம் ஐயா பெரிய ஆளான கதையை ஹட்டன் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவரைப் பெரிய ஆளாக்கிய பூரணியைப் பற்றிக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். அவள் கதை இதுதான்.

பூரணி டிக்கோயாவுக்கு மேலே சின்னமலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அடுத்த மலையில் நிற்பவளைக் கூப்பிடக் கையைத் தட்ட வேண்டாத குரல். பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்குப் படிப்பிக்க வந்து, பிறகு சட்டம் படித்து, அதன்பிறகு ஒரு தொழிற்சங்கத்துக்குத் தலைவரானவர். இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு தோட்டத்து ஜனங்களின் குடியுரிமை பறிபோய், பின்னாலேயே ஓட்டும் போயிருந்தது. ஓட்டில்லாத ஜனத்தை வைத்து ஒருவர் என்ன அரசியல் செய்துவிட முடியும் என்று கேட்கலாம். கூட்டம் காட்டலாமே! கொழும்பிலிருந்து மந்திரி வரும் நாளில் ஹட்டன் ஸ்டேஷன் நிறைய ஆட்களை நிறுத்திவைத்தால், இந்த மனிதருக்குப் பின்னால் ஒரு மலையே நிற்கிறது என்று மந்திரி நினைத்துக்கொள்வார். அந்தக் கணக்கு ஐயாவுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அவருக்குத் தோட்டத்துப் பேச்சுத்தான் தெரியாது. சின்னமலைக்கு முதன்முதலாக வந்தபோது, தொழிலாளர்களைக் காப்புறுதித் திட்டத்தில் சேர்க்கப் போவதாக அழகாகப் பேசினார். விபத்தில் குடும்பத் தலைவன் இறந்தால் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டியதில்லை என்றார். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "சேருகிற ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டுத் தருவோம்" என்று முடித்தார். அவ்வளவுதான், கூட்டம் கலைந்து ஓடியது.

அவர் ஊரில் பற்றுச்சீட்டு என்றால் காசு வாங்கியதற்கான அத்தாட்சி. தோட்டத்தில் பற்றுச்சீட்டு என்றால், துரை ஒருவனை வேலையிலிருந்து நிறுத்தி, குடியிருக்கும் லயத்து அறையைக் காலிசெய்யச் சொல்லிக் கையில் கொடுக்கும் சீட்டு. ஐயா விழிபிதுங்கி நின்றார். சிறு வயதில் ஹட்டனில் ஒரு யாழ்ப்பாண வாத்தியார் வீட்டில் வேலைசெய்திருந்த பூரணிக்கு இரண்டு பாஷையும் புரிந்தது. அவள் ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்றாள்.

"அடியே, நில்லுங்கடி! ஐயா சொல்றது கடைக்காரன் குடுக்கிற துண்டு மாதிரி. ஒங்களத் தோட்டத்த விட்டு வெரட்ட வரல, காப்பாத்த வந்திருக்காரு!"

ஓடியவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். "பிள்ளை, நீர் இல்லாட்டி நான் இண்டைக்குத் துலைஞ்சன்" என்றார் பேரின்பநாயகம். அன்றிலிருந்து அவருடைய வாய் பூரணிதான். அவர் பத்து நிமிடம் பேசினால், அதை அவள் இரண்டு நிமிடத்தில் ஜனங்களுக்குப் புரியவைப்பாள். கைதட்டல் எல்லாம் இரண்டாவது பேச்சுக்குத்தான், மாலைதான் முதல் பேச்சுக்கு.

கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றும் சோலைமலைக்கும் பூரணிக்கும் கலியாணம் நிச்சயமானபோது, ஐயாவே மாரியம்மன் கோயிலுக்கு வந்து தாலியை எடுத்துக் கொடுத்தார். தலைவர் கையால் தாலி என்றால் சும்மாவா? தோட்டமே புல்லரித்துப்போனது. கலியாணத்தை ஹட்டனுக்குப் போய்ப் பதிய வேண்டுமா என்று பூரணி கேட்டாள். ஐயா பலமாகச் சிரித்தார்.

"நான் எடுத்துத் தந்த தாலிக்கு மேல வேற என்ன பதிவு வேணும்?"

விளையாட்டாகச் சொன்னாரோ, பெருமைக்குச் சொன்னாரோ. தோட்டத்தில் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். துரை வாயால் சொன்னதே சட்டமாக இருந்த இடத்தில், துரையோடு இங்கிலீசில் சண்டை போடும் தலைவர் சொன்னது எப்படிச் சட்டமில்லாமல் போகும்? பதிவுக்குப் போனால் ஒருநாள் சம்பளமும் போகும். ஐயா தாலி எடுத்துக் கொடுத்துப் பதியாமல் விடும் கலியாணத்துக்குத் 'தலைவர் கலியாணம்' என்று பெயரே வந்துவிட்டது. ஒவ்வொரு முகூர்த்த மாதத்திலும் பூரணி லயம் லயமாக ஏறி இறங்கி, "ஐயா வர்றாங்க, நம்ம புள்ளைக கலியாணத்த அவுங்க கையாலேயே முடிச்சிருவோம்" என்று பெண் வீட்டாரைச் சேர்த்துவைத்தாள். ஐயாவின் கூட்டமும் கலியாணத்துக்குக் கலியாணம் பெருத்தது.

பெருத்த கூட்டம் வீண்போகவில்லை. முதலில் நகரசபை. பிறகு ஏதேதோ ஆலோசனைக் குழுக்கள். அரசாங்கம் காப்புறுதித் தொழிலைக் கையில் எடுத்தபோது, மலைநாட்டுக் காப்புறுதி ஆணையாளர் என்ற புதுப் பதவி பேரின்பநாயகத்தைத் தேடி வந்தது. சின்னமலையில் வெடி கொளுத்தினார்கள். பூரணி தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடினாள்.

இரண்டு வருடம் கழித்து, மழை நாளொன்றில் கொழுந்து லொறி வளைவில் புரண்டது. சோலைமலை மூட்டைகளுக்கு அடியில் கிடந்தான். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

காப்புறுதிக் காசுக்கு எழுதிப் போட்டதும் கலியாணப் பதிவைக் கேட்டார்கள். பூரணி திகைத்துப்போனாள். சங்கத்துக் கிளைச் செயலாளர் கந்தப்பன்தான் விசாரித்துவிட்டு வந்து தைரியம் சொன்னார்.

"பதிவு இல்லாட்டியும் பரவால்ல தங்கச்சி. கலியாணத்தக் கண்ணால பாத்த, பதவியில உள்ள குடியுரிமைக்காரர் ஒருத்தர் சொன்னாப் போதுமாம். நம்ம சனம் சொன்னா எடுபடாது, நமக்குத்தான் நாடே இல்லியே. ஆனா ஒனக்கென்ன கொற? பாத்தவரும் ஐயா, தீர்ப்புச் சொல்றவரும் ஐயா!"

பூரணிக்கு மூச்சு வந்தது. காசு வந்தால் வரட்டும், போனால் போகட்டும். தான் சோலைமலையின் பெண்டாட்டி என்று ஒருவர் சொன்னால் போதும். இல்லையென்றால் மகளுக்கு அப்பன் பெயர் இல்லாமல் போய்விடும். அதுதான் அவளைக் குடைந்தது.

விசாரணை ஹட்டனில் நடந்தது. ஐயா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கோட்டு, கழுத்துப் பட்டி. அவள் கும்பிட்டதை அவர் பார்க்கவில்லை. இங்கிலீசில் கேட்டார், பக்கத்தில் நின்ற குமாஸ்தா தமிழில் சொன்னார். பூரணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஐயா பேச்சைத் தமிழாக்க இன்னொரு ஆளா என்று நினைத்தாள்.

"கலியாணத்துக்குச் சாட்சி யார் என்று கேட்கிறார்."

"நீங்கதாங்கய்யா" என்று அவள் மேசைக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தே சொன்னாள். "மாரியம்மன் கோயில்ல நீங்கதான தாலிய எடுத்துக் குடுத்தீங்க?"

ஐயா பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய பெயர் மேல்சபைக்கு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. தோட்டத்துக் கள்ளத்தோணிகளின் ஆள் என்று கொழும்பில் எதிராளிகள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பூரணிக்கு ஓம், நடந்தது என்றால் அவர் கையால் தாலி வாங்கிய அத்தனை பேருக்கும் ஓம் சொல்ல வேண்டிவரும். பதியாத கலியாணங்களை ஊர் ஊராக நடத்திவைத்த ஆணையாளர் என்று பத்திரிகையில் வரும். எத்தனையோ கூட்டங்களில் அவளுடைய குரலில் பேசிய மனிதர் இங்கிலீசில் நாலு சொல் சொன்னார்.

குமாஸ்தா அதைத் தமிழில் சொன்னார். "அப்படியொரு கலியாணம் தமக்கு ஞாபகம் இல்லை என்கிறார். நீங்க அந்த மனுசன் வைச்சிருந்த பொம்பிளை என்றுதான் எழுத வேண்டியிருக்குமாம்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஒரு நிமிடம் அவர் தலை நிமிர்ந்து பார்ப்பார் என்று காத்திருந்தாள். பார்க்கவில்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, புருஷன் செத்த அன்று அழாத அழுகை அழுதாள்.

செய்தி அவளுக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டது. தலைவர் கலியாணம் செய்த பெண்கள் வாசலில் கூடியிருந்தார்கள். யாரும் திட்டவில்லை. வயிற்றில் பிள்ளையோடு நின்ற வேலாயிதான் கேட்டாள்.

"அக்கா, நீங்க சொல்லித்தான நாங்க பதியல. அப்ப நான் யாரு, அக்கா?"

 பூரணியின் வாயை நம்பி ஏமாந்தவர்கள் எதிரே நிற்கிறார்கள். ஐயா அவளுக்குச் செய்ததை, அவள் தன்னையறியாமல் இவர்களுக்குச் செய்திருக்கிறாள். ஆத்திரம் ஐயாமேல் வந்ததா, தன்மேல் வந்ததா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், வேலாயியையும் அவள் புருஷனையும் மற்றச் சோடிகளையும் கூட்டிக்கொண்டு ஹட்டன் பதிவுக் கந்தோருக்கு நடந்தாள். எல்லாருக்கும் சாட்சி நான்தான் என்றாள்; புதுப் பதிவுக்குச் சாட்சியிடம் குடியுரிமை கேட்பதில்லை. பதிவாளர் சிவபாதம் நல்ல மனுசன். முகம் சுளிக்காமல் எழுதத் தொடங்கினார்.

"சாட்சிக்காரி கலியாணம் ஆனவவோ?"

"விதவைன்னு எழுதுங்கய்யா."

"அதுக்குக் கலியாணப் பதிவு இருக்கோ, பிள்ளை?"

"இல்லீங்க. புருஷன் இருந்தாரு, செத்துட்டாரு. ஒருத்தருக்கு ஞாபகம் இல்லாததுனால அவரு பொறக்காமலே போயிருவாரா?"

சிவபாதம் தலையசைத்தார். "பதிவில்லாமல் விதவை எண்டு எழுத எனக்கு அதிகாரமில்லைப் பிள்ளை. மாறி எழுதினால் நாளைக்கு இந்தக் கலியாணமே செல்லாமல் போயிடும்."

பூரணி திரும்பி வேலாயியின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, 'மணமாகாதவர்' என்று அவர் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பின்னால் வரிசையில் அடுத்த சோடி நின்றது. அதற்கும் போட்டாள்.