முழுசாக இருக்க வேண்டிய பிள்ளை

நான் செய்த முட்டாள்தனங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாட்சி கிடையாது. இதற்கு மட்டும் ஒரு கடை நிறைய சாட்சி இருந்தது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் நண்பர் ராவுத்தரின் கடைக்குள் நுழைந்து, சுளகை மடியில் வைத்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "பாய், ஒன்றரை வயசுப் பையனுக்குச் சுன்னத்துப் பண்ணினா எப்ப ஆறும்? மயக்க மருந்து குடுக்கலாமா?" என்று கேட்டேன். நான் நிறையப் படித்தவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப் படித்தவன், ஒரு மனிதர் முஸ்லிமாக இருப்பதாலேயே அறுவைச் சிகிச்சை நிபுணராகவும் இருப்பார் என்று முடிவு கட்டியிருந்தேன்.

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணே, எனக்குப் பண்றப்ப நான் டவுசர் போட்ட பய. கையில மிட்டாயக் குடுத்து, மேல பாருடா, குருவி பறக்குதுன்னாங்க. பாத்தேன். அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம்."

"குருவி வந்துச்சா பாய்?" என்றாள் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி.

"இன்னும் வரல ஆத்தா."

கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். சிரிப்பு அடங்கியதும் ராவுத்தர் குரலைத் தாழ்த்தி, "அது கெடக்கட்டும். புள்ளைக்கு என்ன?" என்றார். அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கோபம் பிடித்தது, அவர் மேல் அல்ல. இந்த விஷயம் வெளியே தெரிந்த நாளிலிருந்து எங்கள் சொந்தத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருந்தார்கள். பிள்ளைக்கு என்ன என்று கேட்ட முதல் ஆள் இவர்.

பிள்ளை என் தங்கையின் மகன். தங்கையை ராசிங்காபுரத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, வாரமெல்லாம் மலையில் ஏலத்தோட்டத்தில் கிடப்பார். சனிக்கிழமை லோடு ஜீப்பில் இறங்குவார். பிள்ளை பிறந்ததும், எங்கள் பக்கத்து வழக்கப்படி, குளிப்பாட்ட ஓர் அம்மாள் வந்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் குப்புறவும் மல்லாக்கவும் போட்டு, மூக்கை இழுத்துவிட்டு, தலையை உருட்டி, வெந்நீரை ஊற்றுவாள். ஆண்பிள்ளை என்றால் கூடுதலாக ஒரு வேலை: விளக்கெண்ணெயைத் தொட்டு, முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிவிடுவது. "இப்பவே தள்ளிவிட்டாத்தான் பின்னால செரமப்படமாட்டான்" என்பாள். பிள்ளை வீறிடும். சுற்றி நிற்கிற நாங்கள், "கத்தட்டும், நெஞ்சு நல்லா விரியும்" என்போம். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு பச்சைக் குழந்தை தினமும் ஒரே இடத்தில் கை படும்போது மட்டும் அந்தச் சுருதியில் அலறுகிறதே, அது ஏன் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. குளிப்பாட்டினவளை நான் குறை சொல்லமாட்டேன். அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்து, பூவும் பழமும் வைத்து அனுப்பியவர்கள் நாங்கள்.

கைக்குழந்தைக்கு அந்தத் தோல் ஒட்டித்தான் இருக்கும், வருஷங்கள் போகப்போகத் தானே பிரியும், யாரும் தொடவே வேண்டாம் என்று தேனி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னபோது பிள்ளை நடக்க ஆரம்பித்திருந்தான். அதற்குள் தோல் தினமும் கிழிந்து, தினமும் ஆறி, ஆறின இடமெல்லாம் தழும்பாகி இறுகிப்போயிருந்தது. ஒண்ணுக்கு வரும்போது அந்த இடம் பலூன் மாதிரி உப்பும். சிறுநீரில் கிருமி தொற்றித் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்தது. டாக்டரம்மா முதலில் களிம்புதான் கொடுத்தார். வாரக்கணக்கில் போட்டும் தழும்பு இளகவில்லை. "இது இயல்பான இறுக்கம் இல்ல, காயத்துல வந்தது. இனிக் களிம்பு கேக்காது. தோலை எடுத்துடறது நல்லது. பிறந்த புதுசுல பண்ற மாதிரி சுலபம் இல்ல, தூங்கவச்சுத்தான் பண்ணணும், அதுல உள்ளதையும் சொல்லிடறேன். ஆனா ஒவ்வொரு காய்ச்சலும் சிறுநீரகத்தைத் தொட்டுட்டுப் போகும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசித்தோம். அதாவது, ஊரைக் கூட்டினோம்.

தங்கையின் மாமனார் வீட்டு முற்றத்தில் பங்காளிகள், சம்பந்திகள், காபி குடிக்க வந்தவர்கள் என்று ஒரு பஞ்சாயத்தே கூடியது. மாமனார் கெட்டவர் அல்ல. பேரன் என்றால் உயிர். ஆனால் அவர் உயிர் பேரனின் உடம்பில் எங்கே இருந்தது என்பதுதான் பிரச்சினை. "நம்ம வீட்டுல இதுவரைக்கும் வெட்டுனதுன்னா வாழத்தாரும் கெடாயும்தான்" என்று ஆரம்பித்தார். "நாளைக்குக் கெணத்துல குளிக்கையில நாலு பய பாப்பான். என்னடா பேர மாத்திட்டியான்னு கேப்பான். எவன் பொண்ணு குடுப்பான்?" ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பெண் கிடைக்காத கவலையில் அத்தனை மீசைகளும் தொங்கின. கடைசியாகப் பெரிய ஆணியை அடித்தார்: "மாசி சிவராத்திரிக்குக் குலசாமி படியில போட்டு எடுக்கிறதா நேந்திருக்கு. முழுசா இருக்கிற புள்ளயத்தான் சாமி முன்னால போடணும்."

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தாய்மாமன் அல்லவா? மொட்டை போட்டதும் காது குத்தியதும் என் மடியில் வைத்துத்தான். "என்ன மாப்ள, இதுக்கும் மடி குடுக்கிறியா?" என்றார் மாமனார்.

நான் தயாராக வந்திருந்தேன். அதுதான் கேடு. குளிர் தேசத்துக்காரர்கள் இந்த ஒரு துண்டுத் தோலுக்காக ஒருவரையொருவர் குதறிக்கொண்டு எழுதிய கட்டுரைகளையெல்லாம் படித்திருந்தேன். எடுக்க வேண்டும் என்கிறவன் எழுதியதைப் படித்தால் எடுக்கத்தான் வேண்டும் என்று தோன்றும். கூடாது என்கிறவனைப் படித்தால் கூடாதுதான். அவர்கள் சண்டை போட்டது நோயே இல்லாத பிள்ளைகளைப் பற்றி. எங்கள் வீட்டில் இருந்ததோ காயப்பட்ட பிள்ளை. அந்த வித்தியாசம் கூட உறைக்காமல், "ஒரு பக்கம் பார்த்தால்" என்று தொடங்கினேன். மறுபக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் காபி ஆறிப்போனது. பிள்ளைக்கு விவரம் தெரிகிற வரை காத்திருந்து அவனையே கேட்கலாம் என்று ஒரு தத்துவத்தையும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அடுக்களை வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தங்கை அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, நீ பேசி முடிக்கிறதுக்குள்ள இவன் தாத்தாவாயிருவான்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "முழுசா இருக்கணும்னு சொல்றீகளே மாமா, காதுல ரெண்டு ஓட்ட இருக்கே, அது முழுசா? அன்னைக்கு வேட்டுப் போட்டு விருந்து வச்சீக. யாரும் இவனக் கேக்கல." பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "ஒண்ணுக்கு முட்டுனா வந்து என் சேலையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். முன்னால அழுவான். இப்ப அழுகிறதில்ல. பல்லக் கடிச்சுக்கிட்டு என்னயவே பாக்கிறான். பேச்சு வராத புள்ள வலியப் பொறுக்கக் கத்துக்கிட்டான். இதுல எத யோசிக்கிறீக?"

இன்று எழுதும்போதும் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். எண்ணெயைத் தொட்டுத் தினம் தினம் அவனைக் கிழித்தபோது ஒரு பங்காளியும் கூடவில்லை. சாதி வழக்கம், சாமி நேர்த்தி, கிணற்றடிக் கவுரவம் எதுவும் குறுக்கே வந்து நிற்கவில்லை. அதையெல்லாம் நிறுத்தப்போகிற ஒரே ஒரு வெட்டுக்கு மட்டும் எட்டு ஊர் சனமும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. நாங்கள் கொடுக்கிற வலி வளர்ப்பு. டாக்டர் கொடுப்பது மானக்கேடு. பக்கத்துத் தெருவில் காலங்காலமாக எல்லாப் பையனுக்கும் நடப்பது, அந்தத் தெருக்காரனிடம் மாமன் மச்சான் என்று பழகி, அவன் வீட்டுப் பிரியாணியை வழித்துத் தின்றவர்களுக்கு, தங்கள் பிள்ளைக்கு என்று வந்தால் தீட்டு. நானும் அந்த முற்றத்தில்தான் இருந்தேன், நல்ல நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு.

மாப்பிள்ளை தூணில் சாய்ந்து தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார். அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசி அறியாதவர். தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். "லோடு எறக்கியாச்சு. ஜீப்பு காலியாத்தான் நிக்குது. வெரசா ஏறு" என்றார். அவ்வளவுதான். மாமனார், "சிவராத்திரிக்கு அந்தப் பக்கம் வந்துராதீங்கடா" என்று கத்தியது ஜீப்பின் இரைச்சலில் பாதி கேட்டது.

டாக்டரம்மா குறித்த நாளன்று ஆஸ்பத்திரியில் என் மடியை யாரும் கேட்கவில்லை. ஒரு நர்ஸ் பிள்ளையைச் சாதாரணமாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்குள் போய்விட்டாள். மயக்க மருந்து என்ற சொல்லை நினைத்தபடி நாங்கள் மூன்று பேரும் மூன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சித்தப்பா மகன், "மருமகனுக்குப் புதுப் பேரு என்ன வச்சிருக்கீக?" என்று கேட்டுச் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தான். கெட்ட வார்த்தையில் பதில் எழுதி, அதில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. பிள்ளை அழுதுகொண்டு வந்தான். வாய்விட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதான். தங்கை அவனை வாங்கி, "அழுடா, நல்லா அழுடா" என்றாள்.

கொஞ்ச நாள் வீக்கமும் சிணுங்கலுமாக இருந்தது. ஆறிவிட்டது. காய்ச்சல் அதன் பிறகு வரவில்லை. சிவராத்திரிக்கு முந்தின வாரம் மாமனார் பேரனுக்குப் பட்டு வேட்டி எடுத்துவந்து தின்பண்டப் பையோடு சேர்த்து வைத்துவிட்டுப் போனார். சாமி படியில் பிள்ளையைப் போட்டு எடுத்தார்கள். சாமி ஒன்றும் பரிசோதிக்கவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்து, கோபத்தில் ஒரு சொட்டும் குறையாமல் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கே அண்ணே. ஊரக் கூட்டுனாருன்னு எங்க மாமாவத் திட்டுற. அவரு முத்தத்துலதான கூட்டுனாரு. நீ அச்சடிச்சுல்ல கூட்டுற."