வெள்ளிக்கிழமை எடுத்த படம்

இண்டைக்குக் காலையில மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தாங்க. நிக்க இடமில்ல.

பறக்கும் டாக்ஸி, பெரிய ட்ரோன் எல்லாம் எதிர்காலத்தில இறங்க அரசாங்கம் இடம் தேடுது. ஒவ்வொரு பிரதேசத்திலயும் வெறுங்காணி விபரம் கேட்டிருந்தாங்க. எங்கட ஊருக்கு அந்த ஃபோர்மை நிரப்பி அனுப்பின அதிகாரி நான்தான். எழுதினது இந்தக் கடற்கரையை, படமும் எடுத்து வெச்சு.

வலை இழுத்த பெரியவர் ஒருத்தர், நாங்க காக்கா எண்டு கூப்பிடுற ஆள், அவர்கிட்ட அதைப் பெருமையாச் சொன்னேன்.

கயித்தை விடாமலே கேட்டார்: "அப்ப நாங்க வலையை எங்க இழுக்கிற?"

"நான் வந்து பாத்த நேரம் இஞ்ச ஒருத்தரும் இருக்கல்ல காக்கா."

"என்ன கிழமை வந்தீங்க?"

"வெள்ளி. ஜும்ஆ முடிஞ்ச கையோட."

"வெள்ளிக்கிழமை ஆரு தம்பி கடலுக்குப் போற?"

எனக்குத் தெரியாததா? என்ட வாப்பாவும் வெள்ளிக்கிழமை வலை தொட்டதில்ல. ஓரமா ஏத்தி வெச்சிருந்த தோணிகளையும், படம் வடிவா வரட்டும் எண்டு நான்தான் படத்தில விழாம விலக்கி எடுத்தேன்.

உடனே மேலதிகாரிக்குக் கோல் எடுத்தேன்.

"அது இருவது வருசத்துக்குப் பிறகு வாற விசயம். இப்ப ஏன் பதறுறீங்க?" எண்டார்.

"அப்ப திருத்தலாமா சேர்?"

"அது கொழும்புக்குப் போயிட்டுதே."

டாக்ஸி வருமோ தெரியாது. எங்கட கடற்கரையில ஆளில்ல எண்டு என்ட கையெழுத்தோட ஒரு கடதாசி கொழும்பில இரிக்கி.

அதைத் திரும்ப எடுக்க வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க. இந்த முறை திங்கட்கிழமை வந்து படம் எடுக்கிறேன்.