செடிக்குக் கொடுத்த தண்ணீர்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் முப்பது வருஷம் எடை பார்த்தவன் நான். என் கண்ணில் மண்ணைத் தூவி ஒரு பிடி மிளகு வெளியே போனதில்லை. அந்தத் திமிரோடுதான் மனைவிக்குத் தண்ணீர் அளந்து கொடுத்தேன்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சாயா, ரசம் எல்லாம் சேர்த்து நாளைக்கு முக்கால் லிட்டர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாட்டிலில் கோடு போட்டு வைத்தேன். குளியலறையில் வருவது கிணற்றுத் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீர் இருந்த அடுக்களை என் காவலில்.

ஜன்னலோரம் ஓர் ஆர்க்கிட் இருந்தது. மகள் இடப்பள்ளியில் வாங்கித் தந்தது. உப்புத் தண்ணீர் அதற்கு ஆகாது என்று சொல்லியிருந்தாள். அதனால் தினமும் காலையில் ஒரு பெரிய டம்ளர் நல்ல தண்ணீர் எடுத்து மனைவியிடம் கொடுப்பேன். செடி அவள் பொறுப்பு.

ஒவ்வொரு முறையும் எடை கூடியிருக்கிறதே, தண்ணீர் குடிக்கிறார்களா என்று நர்ஸ் கேட்பாள். வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொல்வேன். உப்புதான் உடம்பில் நீரைத் தேக்குகிறதோ என்று உப்புமாங்காய்மேல் சந்தேகம் வந்து, ஊறுகாய்ப் பரணியோடு தூக்கிக் கொட்டினேன்.

பிறகு ஆர்க்கிட் இலைகள் சுருங்கித் தொங்கின. மகளிடம் போனில் கேட்டேன். தினமும் ஊற்றினால் வேர் அழுகும், வெளியே எடுத்து அழுகியதை வெட்டிவிட்டுப் புதிதாக வையுங்கள் என்றாள். துளசிக்குக் கொட்டுவதுபோல் கொட்டிக் கெடுத்துவிட்டாய் என்று மனைவியைத் திட்டிக்கொண்டே கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன்.

சட்டியைக் கவிழ்த்தேன். ஒரு வேர்கூட அழுகியிருக்கவில்லை. கரியும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் பொடியாக உதிர்ந்தன. வேர்கள் வெறும் சருகு. வாரக்கணக்கில் அந்தச் சட்டி தண்ணீரைக் கண்டதில்லை. அன்று காலையிலும் டம்ளர் நிறைய நானே கொடுத்திருந்தேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"சாகணும்னே தீர்மானம் பண்ணிட்டியா?"

அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாகத்தோட சாகப்படாதுன்னுதான்."

என்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் டம்ளரை மறுபடி அவள் கையில் கொடுக்கவில்லை.

காய்ந்த வேர்களை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் புது மட்டையில் வைத்தேன். வாரம் ஒருமுறை ஒரு வாளி நல்ல தண்ணீரில் சட்டியோடு அரைமணி நேரம் அமிழ்த்தி வைப்பேன். அவள் கண்ணில் படக்கூடாதென்று குளியலறைக்குள் கொண்டுபோய்த் தாழ்போட்டுக்கொண்டு செய்வேன். செடிக்கு உயிர் வந்தது. அவளுக்குக் கால் வீக்கம் வடிந்தது, உதடு வெடித்தது. நர்ஸ் என்னைப் பாராட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து, பச்சை நுனியோடு புது வேர் ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. அன்றும் உள்ளே வாளி முன்னால் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வந்து நிற்பது தெரிந்தது.

"வயிறு நெறையக் குடிச்சுதா அது?"

குடிச்சுது என்றேன். தாழ்ப்பாளைத் திறக்கக் கை வரவில்லை.