அம்பத்தூரில் ஒரு கட்டை, பூந்தமல்லியில் இரண்டரை

காலை 6.10. அரக்கோணத்தில் மின்ரயில் ஏறினேன். அம்பத்தூருக்குப் பயணச்சீட்டு பதினைந்து ரூபாய். தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஓய்வு பெற்று அரக்கோணம் வந்த பிறகு எத்தனையோ முறை இந்த வண்டியில் சென்னைக்குப் போயிருக்கிறேன். அம்பத்தூர் வரும்போதெல்லாம் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். அங்கே இறங்கி ஒருவரிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருபத்தாறு ஆண்டுகளாக என்னிடம் இருந்தது.

நான் அரசுப் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்தவன். அம்பத்தூரில் வாடகை வீட்டில் குடியிருந்தபோது காலை ஆறு மணிக்கு வாய்ப்பாட்டு வகுப்பு நடத்தினேன். ஆறுக்குக் கதவைச் சாத்துவேன். தாமதித்தவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். சுருதிப்பெட்டி ஒரு கட்டையில் இருக்கும். கட்டை என்பது பாடுபவர் தம் குரலுக்கு வைத்துக்கொள்ளும் சுருதியின் அளவு. எண் ஏற ஏறச் சுருதி உயரும். ஒரு கட்டை என் குரலுக்கு உரியது. அதிலேதான் பதினெட்டுப் பிள்ளைகளும் பாட வேண்டும்.

அவர்களில் மஞ்சுளா என்ற பதினொரு வயதுப் பெண் இருந்தாள். அப்பா, எஸ்டேட் என்று எல்லோரும் சொல்லும் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. என் சுருதியில் கீழே இறங்கினால் அவள் குரல் வெறும் காற்றாகிவிடும். மேலே எட்டினால் கீச்சிடும். நான்கு மாதம் பொறுத்தேன். பிறகு அவள் அப்பாவை அழைத்து, "குழந்தைக்குக் குரல் இல்லை. வீணாக அலைய வேண்டாம்" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

போன ஆண்டு அம்பத்தூரிலிருக்கும் உறவினர் ஒருவர், தம் பேத்திக்குப் பாட்டுச் சொல்லித்தரும் மஞ்சுளா என்பவர் முதலில் என்னிடம் படித்தவராம் என்றார். அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து அழைத்தேன். "நான் ஒரே எடத்துல இருக்க மாட்டேன் சார். பேசணும்னா சனிக்கெழம என்கூடவே சுத்துங்க" என்றார்.

காலை 7.30. அம்பத்தூர் நிலைய வாசலில் நின்றிருந்தார். தோளில் துணிப்பை, முதுகில் சின்ன கீபோர்டு, கையில் கறுப்புக் குடை. முப்பத்தேழு வயது. என்னைப் பார்த்ததும், "சாப்ட்டீங்களா சார்?" என்றுதான் கேட்டார். தள்ளுவண்டியில் ஆளுக்கு மூன்று இட்லி வாங்கி நின்றபடியே தின்றோம். நான் சொல்ல வந்ததைத் தொடங்கினேன். அதற்குள் ஷேர் ஆட்டோ வந்துவிட்டது.

காலை 8.00. எஸ்டேட்டை ஒட்டிய அத்திப்பட்டில் ஒரு மாடி அறை. தினேஷ் என்ற இருபது வயதுப் பையன் இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் சைக்கிளை நிறுத்தினான். சட்டையில் எண்ணெய்க் கறை. கீபோர்டு கற்கிறான்.

"மிஸ், கண்ணு சொக்குது மிஸ். இருவது நிமிஷம்தான் தாங்குவேன்."

"இருவது எதுக்கு, பதினஞ்சு போதும். தூங்கிட்டீனா கீபோர்ட எடுத்துகினு நான் போயிடுவேன்."

"போன வாரம் லீவு போட்டதுக்குத் திட்டவே இல்ல நீங்க?"

"உன் சூப்பர்வைசர் திட்டுறது பத்தலியா?"

அவனுடைய ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். அட்டவணையைப் படமெடுத்து அனுப்பிவிடுவான். மஞ்சுளா தம் நாளை அதற்கேற்ப மடக்கிக்கொள்கிறார். பதினைந்து நிமிடத்தில் அவன் விரல்கள் இரண்டு புதிய ஸ்வர வரிசைகளை வாசித்தன. எஸ்டேட் பிள்ளைகள் எத்தனை பேரை நான் ஆறு மணிக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பெயர் நினைவிலிருந்தவர்கள் மட்டும் ஐந்து பேர்.

காலை 9.50. அம்பத்தூரிலிருந்து அண்ணனூர் இரண்டாவது நிலையம், ஐந்து ரூபாய். மின்ரயில் பணிமனைக்குப் பின்புறம் ஒரு வீடு. அங்கே ஏழு வயதுச் சிறுமிக்கு முதல் வகுப்பு. மஞ்சுளா சுருதியும் வைக்கவில்லை, பாடச் சொல்லவும் இல்லை.

"அம்மா சமையல்கட்டுலதானே இருக்காங்க? கூப்புடு பாக்கலாம்."

சிறுமி வெட்கத்தோடு, "அம்மா" என்றாள். அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "இன்னாடி? இன்னா ஆச்சு?"

ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டு, "இன்னொரு தபா" என்றார் மஞ்சுளா. மறுபடி கூப்பிட்டாள். "அடுப்புல பால் கீதுடி! சும்மா கூப்ட்டுகினே இருப்பியா?" என்று உள்ளிருந்து பதில் மட்டும் வந்தது. அம்மா வராததில் சிறுமிக்குக் கோபம். மூன்றாவது முறை "அம்மா...!" என்று நீட்டினாள். குரல் கூடத்தை நிறைத்து, திறந்திருந்த கதவு வழியே வெளியேயும் போயிற்று. மஞ்சுளா கீபோர்டில் ஒரு விசையைத் தொட்டுப் பார்த்து, நோட்டின் முதல் பக்கத்தில் சிறுமியின் பெயரையும் அதன் கீழ் ஆறு கட்டை என்றும் எழுதினார்.

"மொத ரெண்டு தடவ வாத்தியாருக்காகக் கூப்பிடுவாங்க சார். மூணாவதுதான் அவங்க சொந்தக் குரல்."

சிறுமியின் அம்மா கொடுத்த தேநீரை ஆறவிட்டுத்தான் குடித்தேன். காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். மஞ்சுளாவை அனுப்பிய அடுத்த வாரம் எங்கள் தெருமுனையில் நின்றிருந்தேன். சுற்றுத் தெருக்களுக்கெல்லாம் அங்கேதான் தண்ணீர் லாரி வரும்; அன்றும் வந்தது. குடத்தோடு நின்ற மஞ்சுளா, தெருக்கோடியிலிருந்த தன் அப்பாவை, "அப்பா, லாரி வந்துடுச்சு!" என்று கூப்பிட்டாள். லாரி எஞ்சினுக்கு மேலே அந்தக் குரல் எழுந்து நின்றது. சுத்தமான ஐந்து கட்டை. பிழை என் சுருதிப்பெட்டியில், அதாவது என்னிடம், என்பது அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் வீடு நான்கு தெரு தள்ளி. நான் போகவில்லை. போனால் சுருதியை மாற்ற வேண்டும். மாற்றினால் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் காரணம் கேட்பார்கள். நான் பயந்தது இவ்வளவுக்குத்தான்.

பகல் 12.15. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு வெள்ளைப் பலகை மாட்டிய சாதாரணக் கட்டணப் பேருந்து. சுமார் பத்து கிலோமீட்டர். இரண்டு பேருக்கு என்று பணத்தை நீட்டினேன். நடத்துனர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்கு பெருசு ரெண்டாவது?"

"இவங்களுக்கு."

"லேடீஸுக்கு ப்ரீ. நீ நெனச்சாலும் அவங்களுக்குச் செலவு பண்ண முடியாது. வேற எதுனா செய்."

பேருந்தே சிரித்தது. மஞ்சுளாவும் சிரித்தார். பருத்திப்பட்டு ஏரிக்கரை கடக்கையில் மீண்டும் தொடங்கினேன். "மஞ்சுளா, உங்கிட்ட ஒரு விஷயம்..." ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். கரையான்சாவடி வரை அடுத்த சொல் வரவில்லை. பூந்தமல்லியில் ஒரு கடை பெஞ்சில் அவர் கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

பிற்பகல் 2.30. பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. வெயிலுக்குக் குடையை என்னிடம் கொடுத்துவிட்டார். பழைய விவசாயக் குடும்பம். நிலமிருந்த இடத்தில் இப்போது மூன்று டிப்பர் லாரிகள் நிற்கின்றன. அந்த வீட்டுப் பெண் யாழினிக்குப் பதின்மூன்று வயது. "இவர்தான் என் மொத வாத்தியார்" என்று மஞ்சுளா அறிமுகப்படுத்தினார். அதில் குத்தல் ஏதுமில்லை. அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

யாழினி வரிசைகள் பாடினாள். மூன்று கட்டைச் சுருதி. பெண்ணுக்குத் தாழ்ந்த, அடர்ந்த குரல். சுருதியோடு அப்படியே ஒட்டி நின்றது. முடித்ததும் அவள் அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சார், மிஸ்ஸுக்கே வாத்தியாரு நீங்க. உங்ககிட்டயே கேட்டுர்றேன். பொண்ணு கொரலு ஆம்பள கொரலாட்டம் கீதுன்னு ஊட்ல கிண்டல் பண்றாங்க. மிஸ்ஸு நல்லாத்தான் கீதுன்றாங்க. கொரலு கீதா, இல்லியா? இல்லாங்காட்டி நிறுத்திட்டு மேக்ஸ் டியூஷன்ல போட்றேன்."

அதே கேள்வி. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கேட்காமலேயே நான் பதில் சொன்ன கேள்வி. யாழினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சுளா நோட்டைப் புரட்டுவதுபோல் குனிந்திருந்தார்.

"ஐயா, உங்க பொண்ணுக்கு நல்ல குரல். மிஸ் வச்ச சுருதி சரி. ஆனா என் பேச்சை வச்சு முடிவு பண்ணாதீங்க. இந்த மிஸ் சின்னப் பொண்ணா இருந்தப்ப, குரல் இல்லைன்னு இவங்க அப்பாகிட்ட சொன்னவன் நான். அது பொய்யாப் போச்சு. என் குரலுக்கு வச்ச சுருதியில இவங்கள அளந்தேன். அதுகூடத் தெரியாமச் செஞ்ச தப்பு. அடுத்த வாரமே இவங்க தண்ணி லாரிக்கு அப்பாவைக் கூப்பிட்டதைக் கேட்டேன். தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. நாலு தெரு நடந்து போய்ச் சொல்லலை. கௌரவம். தெரிஞ்சே மறைச்சேன்."

யாழினியின் அப்பா தலையைச் சொறிந்தார். "இத்த சொல்றதுக்கா சார் அரக்கோணத்துலேர்ந்து வந்தீங்க?"

"ஆமாம்."

"இந்த வெயில்ல?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "சரி, நீ பாடு. ஊட்ல எவனாச்சும் இனிமே கிண்டல் பண்ணா நான் பாத்துக்கறேன்" என்றார்.

மஞ்சுளா அடுத்த வரிசைக்குப் போனார். வகுப்பு எப்போதும் போல முக்கால் மணி நேரம் நடந்தது.

மாலை 3.50. நிலையத்தை நோக்கி நடந்தோம். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பாதி வழியில் நின்றார்.

"சுருதிதான் கோளாறுன்னு இருவத்தஞ்சு வயசுல நானே கண்டுபுடிச்சேன் சார். ஒரு போன் ஆப்புல சுருதியத் திருகிப் பாத்துகினு இருந்தப்ப. ஒரு ராத்திரி பூரா அழுதேன். அப்புறம் சாருக்கும் தெரியாமத்தான் நடந்துருக்கும்னு மனச தேத்திக்கினேன். இந்த லாரி விஷயம் எனக்குத் தெரியாது."

"தெரியக் கூடாதுன்னுதான் இவ்வளவு நாள்..."

"எங்கப்பா போற வரைக்கும், நம்ம வம்சத்துக்கே தொண்ட இல்லம்மான்னு சொல்லிகினு இருந்தாரு. கோயில்லகூட வாயத் தெறந்து பாட மாட்டாரு. அவர்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம் சார். நாலு தெருதானே?"

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் துணிவும் எனக்கு வரவில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும், "யாழினி உங்க முகத்தையே பாத்து பாடினா. அடுத்த மாசம் பரீட்ச முடிஞ்சதும் வந்து கேளுங்க. மத்த வீடுங்களுக்கும் வாங்க. ஆனா கதவ மட்டும் சாத்தாதீங்க" என்றார். வருகிறேன் என்றேன்.

மாலை 4.15. அடுத்த வகுப்பு திருவேற்காட்டில். ஷேர் வேன்கள் நிற்கும் பக்கம் அவர் போக, நான் ஆவடிப் பேருந்துக்குத் திரும்பினேன். ஏறும்போதுதான் பார்த்தேன், குடை என் கையில். "மஞ்சுளா" என்றேன். ஆட்டோக்களின் இரைச்சல். இன்னொரு முறை கூப்பிட்டேன். அவர் வேனில் கால் வைத்துவிட்டார். அந்த வெயிலில் இன்னும் எத்தனை தெரு நடக்கப் போகிறாரோ என்ற நினைப்பில், "மஞ்சுளா...!" என்று கத்தினேன். வேன்கார ஆள்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவர் இறங்கி ஓடி வந்து குடையை வாங்கிக்கொண்டார். மூச்சு வாங்கியது. முகத்தில், காலையில் தினேஷைச் சீண்டியபோது இருந்த அதே குறும்பு.

"மூணாவதுதான் சார் நெசம். ரெண்டர கட்ட."

"எனக்கு ஒண்ணும்மா. எப்பவும் ஒண்ணுதான்."

"அது அப்போ" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினார்.

மாலை 5.20-க்கு ஆவடியில் அரக்கோணம் வண்டி. அம்பத்தூர் எனக்குப் பின்னால் இருந்ததால் அன்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. எஸ்டேட் பையனின் விரல்கள், பால் பொங்கும் வீட்டின் தேநீர், பாதி எலுமிச்சைச் சோறு, "வந்து கேளுங்க" என்ற சொல். இவற்றில் எதற்கும் நான் உரியவன் அல்ல. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுத் தெரு பூந்தமல்லிக்கு நேர்மாறானது. ஏழு மணிக்கே சத்தமில்லை. தனியே பாடிப் பார்க்கும்போது சில காலமாகக் குரல் சுருதியோடு சேராமல் விலகிக்கொண்டே இருந்தது. வயது என்று நினைத்திருந்தேன். மூலையிலிருந்த சுருதிப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கட்டையைவிட்டு என்றுமே நகர்த்தாததால் திருகு இறுகிப்போயிருந்தது. துணியைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கைகளாலும் திருப்பினேன்.