விவரத்தாள் வேறு, கடிதம் வேறு

தட்டச்சுத் தொழிலில் விரல் ஓடுவது சுலபம். எதை அடிக்காமல் விடுவது என்பதுதான் கஷ்டம். வேலைக்கு மனுப் போட்டுப் போட்டு அலுத்தவர்கள் நீங்கள். அவற்றை அடித்து அடித்து அலுத்தவன் நான்.

இருந்தவர்கள்

அறுபதுகளில் திண்டிவனத்தில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஒரு நாள் அங்கே இருந்தவர்கள் நான்கு பேர்: பள்ளியை நடத்திய சார், நான், எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கோதண்டம், மேல்சித்தாமூரிலிருந்து வந்த பத்மாவதி அம்மாள். பின்னவர்கள் இருவரும் ஒரே வேலைக்கு மனு அடிக்க வந்திருந்தார்கள். விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், சரக்கைப் பார்த்து வாங்கி இருப்பு வைக்க ஓர் ஆள் வேண்டும். விண்ணப்பக் கடிதம் ஒன்று, விவரத்தாள் ஒன்று, தனித்தனியாக மறுநாள் காலைக்குள் வந்து சேர வேண்டும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள்.

பத்மாவதி அம்மாளின் கணவர்மேல் மூட்டை சரிந்ததில், அவர் ஏழு மாதமாகப் படுக்கையில் இருந்தார். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. இதைச் சொல்லி முடித்த கையோடு அந்த அம்மாள் சொன்னார்: "இத லெட்டர்ல எழுதிடாதீங்க. அவங்க கேக்கறது வேலைக்கு ஆளு."

இரண்டு தடவை

கடிதமும் விவரத்தாளும் எதில் வேறுபடுகின்றன என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. எல்லோருக்கும் பொருந்தும்படி ஒரு கடிதம் எழுதி, ஸ்டென்சில் வெட்டி அறுபது பிரதி எடுத்து வைத்திருந்தேன். 'தங்கள் மேலான ஆதரவில் ஊழியம் புரிந்து, முழுத் திருப்திக்கும் பாத்திரமாவேன்' என்று முடியும். பெயரை மட்டும் அடித்தால் போதும். அதுவரை பதினேழு போயிருந்தன. கோதண்டத்துக்குப் பதினெட்டாவது.

அவருடைய விவரத்தாள் மேலிருந்து கீழ்வரை நிறைந்திருந்தது. பாடவாரியாக மதிப்பெண், சாரணர் படைச் சான்றிதழ், ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு. அத்தனையையும் கடிதத்தின் அடியிலும் அடிக்கச் சொன்னார். எதற்கு என்று சார் கேட்டதற்கு அவர் பதில்: "ஒரு தபா சொன்னா சந்தேகப்படுவாங்க சார். ரெண்டு தபா சொன்னா வுட்டுடுவாங்க."

வெள்ளை

பத்மாவதி அம்மாளின் விவரத்தாள் ஐந்து வரியில் முடிந்துவிட்டது. பெயர், கணவர் பெயர், ஊர், வயது, எட்டாம் வகுப்பு. மீதி முக்கால் தாளும் வெள்ளை. நானும் எட்டாவதோடு நின்றவன். அந்த வெள்ளையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தெரிந்த மொழிகள் தமிழ், ஆங்கிலம் என்று போடட்டுமா என்று, நிமிராமலே கேட்டேன்.

"இங்கிலீஷ்ல ரெண்டு கேள்வி கேட்டா நீங்களா வந்து நிப்பீங்க? காலியா இருக்கறது காலியாவே போவட்டும்ணே."

ஒன்பது வரி

பத்தொன்பதாவது பிரதியில் பெயரை அடித்துப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இது யாருங்க?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அதை எடுத்துவிட்டுத் தமிழ் மெஷினில் புதுத் தாள் செருகினேன். அவர் சொன்னதை அப்படியே அடித்தேன்:

பதினொரு வருடம் கணவரோடு களம் களமாகப் போய் மல்லாட்டை வாங்கியிருக்கிறேன். காயைக் காதோரம் ஆட்டினால் காய்ந்தது கலகலக்கும். ஈரம் ஊமையாக இருக்கும். வாய்ப்பக்கம் காய்ந்ததைப் போட்டு அடியில் ஈரத்தை வைத்துத் தைத்த மூட்டையைத் தூக்காமலே சொல்வேன். ஈரமூட்டை ஒன்று உள்ளே போனால், பக்கத்து மூட்டையும் பூசணம் பிடிக்கும். சந்தேகமிருந்தால் ஒரு நாள் என்னை வேலைக்கு நிறுத்திப் பாருங்கள்.

மொத்தம் ஒன்பது வரி. யார் எழுதியதையும் பென்சிலால் திருத்தாமல் விடாதவர் எங்கள் சார். இதை இரண்டு முறை படித்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "இதுல நான் கை வச்சா கெட்டுடும்" என்றார்.

ஒரே பை

அதற்குள் தபால் கட்டும் நேரம் தாண்டிவிட்டது. பத்மாவதி அம்மாளே விழுப்புரம் போய்க் கொடுத்துவிட்டு வரலாமென்றால், ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவார். கணவருக்குத் துணை யாருமில்லை. கோதண்டம் தன் உறையை நேரில் கொடுக்க விழுப்புரம் ரயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒன்பது வரியையும் அவர் கேட்டிருந்தார். அப்படியும், உறையை இதில் போடுங்கள் என்று அந்த அம்மாளிடம் தன் பையை நீட்டினார்.

கொண்டுபோய்ச் சேர்ப்பாரோ மாட்டாரோ என்று நான் அந்த அம்மாளின் உறையையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கோதண்டம் சிரித்துவிட்டார். "போட்டி விழுப்புரத்துலதான் யக்கா, திண்டிவனத்துல இல்ல. குடுத்துட்டுப் போங்க."

முடிவு

பத்து நாள் கழித்துப் பத்மாவதி அம்மாள் வந்தார். மண்டிக்காரர் ஆறு மூட்டை அடுக்கி வைத்து, ஈரமூட்டை எது என்று கேட்டாராம். இவர் இரண்டைக் காட்டினாராம். அவர் தெரிந்தே வைத்தது ஒன்றுதானாம். இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுநாளே வரச் சொல்லிவிட்டார். "விவரத்தாள மேசைமேல வுட்டுட்டாரு. லெட்டரத்தான் கையில வச்சுக்கினு மூட்டைகிட்ட வந்தாரு" என்றார்.

அடுத்த வாரம் கோதண்டம் இன்னொரு வேலைக்கு மனு அடிக்க வந்தார். நான் பழக்கத்தில் ஸ்டென்சில் கட்டை எடுத்தேன். வேண்டாமென்று கையால் தடுத்தார். "எங்கிட்டயும் சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கும் சார். யோசிச்சிக்கினு நாளைக்கு வர்றேன்."

எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் எடுத்து வைத்த அறுபதில், ஒருவருக்கும் பொருந்தாமல் மிச்சமானவை நாற்பத்தொன்று.