அவர் எந்த ஊர்க்காரர்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில், பியர்பொன்ட்ஸில் இருந்தோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தொலைக்காட்சிப் படங்களைப் பார்த்துத்தான் நான் பிரெஞ்சைப் பிடித்தேன். ஒரு நாவலாசிரியரின் கதைகளை வாராவாரம் படமாகப் போட்டார்கள். ஒன்றில், பிறர் வீட்டு உடுப்புத் தோய்க்கும் பெண் பனிக்குள் நின்று வேலை கேட்டுக் கதவு தட்டுவாள். கடைசியில் கதவு திறக்கும். நான் விக்கி விக்கி அழுவேன்.

பிறகு அவருடைய வாழ்க்கையையும் காட்டினார்கள். தாய் உடுப்புத் தோய்த்து வளர்த்த பிள்ளை. ஆலையில் வேலை செய்துகொண்டே எழுதியவர். புத்தகத்தில் அந்தக் கதவு திறக்கவேயில்லையாம். படக்காரர் திறந்துவிட்டதை அவர் சாகும்வரை மன்னிக்கவில்லையாம். பாவம் மனுசன், தாய்க்கு ஒருவரும் திறக்காததைப் பார்த்திருப்பார்.

“அந்தாள் அமெரிக்கன் போல கிடக்கு,” என்றார் கணவர்.

“உங்களுக்கென்ன விசரே? பனி கொட்டுது, எல்லாரும் பிரெஞ்சு கதைக்கினம். பேந்தென்ன?”

“ஓமோம், நீ சொன்னால் சரி.”

அந்த மாரிக்குளிரில் கணவரின் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நான் வேலை தேடப் புறப்பட்டேன். பிரெஞ்சு போதாது என்று மூன்று இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது, பக்கத்து ஊரான கர்க்லாண்டில் ஒரு குழந்தைகள் காப்பகம். இதுவும் போனால் என்ன செய்வதென்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

“கியூபெக்கில் உங்களுக்குப் பிடித்த எதையாவது சொல்லுங்கள்,” என்றார் அங்கே பொறுப்பாக இருந்த பெண்மணி.

கேட்டாரே ஒரு கேள்வி! “உங்கள் எழுத்தாளர்” என்று தொடங்கினேன். தாய், ஆலை, பனி, கதவு, ஒன்றும் விடவில்லை. கதவு திறந்தது அவருக்குப் பிடிக்காவிட்டாலும் எனக்கு அது வேண்டியிருந்தது என்றும் சொன்னேன். பத்து நிமிடம் பிரெஞ்சிலேயே வாய் ஓயவில்லை.

பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். “மதாம், அவர் அமெரிக்கர். ஆங்கிலப் படங்களுக்கு இங்கே பிரெஞ்சில் குரல் கொடுத்திருக்கிறார்கள்.”

முகம் பற்றி எரிந்தது. முதலில் கணவர் மேல்தான் கோபம் வந்தது, சரியாகச் சொன்ன குற்றத்துக்கு. மன்னிப்புக் கேட்டு, என் குளிர்கோட்டை எடுத்துக்கொண்டு போய் வாசல் கதவைத் திறந்தேன். குளிர்காற்று அறைக்குள் அடித்தது.

“மதாம், கதவைச் சாத்துங்கள்.”

சரி, இதுவும் போயிற்று என்று வெளியே கால் வைத்தேன்.

“வெளியே போயல்ல, உள்ளே வந்து சாத்துங்கள். வேலை நேரத்தைப் பற்றி இன்னும் பேசவில்லையே.”