பூரியும் கிழங்கும் டில்லிபாபுவின் கைகளும்

டில்லிபாபு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். இரும்பைக் கடையும்போது சூடேறாமல் இருக்க மெஷினில் பால் போல வெள்ளையாக ஒரு எண்ணெய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கூலண்ட் என்பார்கள். மீசை அரும்பிய வயதிலிருந்து அதில் நனைந்த கைகள், ஐம்பதை நெருங்கும்போது மக்கர் பண்ண ஆரம்பித்தன. விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. உள்ளங்கை செதில் செதிலாக உரிந்தது. சில நாட்களில் விரலை மடக்கினால் ரத்தம் கசிந்தது. கம்பெனியில் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அதன் பிறகு யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

நூம்பலில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது. அப்பா காலத்தில் கத்தரியும் வெண்டையும் விளைந்த இடத்தில் கட்டியது. கீழே இவரும் மனைவி கண்ணம்மாவும். மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு. கண்ணம்மா சென்னீர்குப்பத்தில் ரெடிமேட் துணி தைக்கும் கம்பெனிக்குப் போய்வந்தாள். சமையல், தண்ணீர் பிடிப்பது, கடைக்குப் போவதெல்லாம் டில்லிபாபு பொறுப்பு.

சும்மா இருப்பதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஒரு நிச்சயதார்த்தத்தில் நடந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினார். பங்காளி ஒருவன் ஓடிவந்து வாளியை வாங்கிக்கொண்டான்.

"நீ குந்துண்ணாத்தே. நான் பாத்துக்கிறேன்."

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது அவன் கண் போன இடம் டில்லிபாபுவுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். வீட்டில் தனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று தானாகவே பிரித்து வைத்துக்கொண்டார். "இன்னாத்துக்கு இதெல்லாம்? ஒட்டிக்கிற வியாதியா இது?" என்று கண்ணம்மா சத்தம் போட்டுப் பார்த்தாள். அவர் தன் தட்டைக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தார்.

மாடியில் குடியிருந்தவள் லாவண்யா. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஐடி வேலை. ஒரு மழை நாளில் வேலப்பன்சாவடி அருகே அவள் ஸ்கூட்டி சறுக்கி, கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஊரிலிருந்து அப்பா வந்து ஆஸ்பத்திரியிலிருந்தே அவளை நேராக அழைத்துக்கொண்டு போய்விட்டார். போகிற வழியில் டில்லிபாபுவுக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும். திட்டிராதீங்க."

"இன்னாம்மா? கேஸ மூடாம வந்துட்டியா?"

"இல்லண்ணே. ரூம்ல ரெண்டு எலி இருக்கு."

"அவ்ளோதானா? மாத்திரை வச்சுட்டா போச்சு."

"ஐயோ, அண்ணே!" அவள் அலறியே விட்டாள். "அது நான் வளக்குற எலிண்ணே!"

மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தார். ஜன்னலோரம் பீரோ உயரத்துக்கு ஒரு கூண்டு. அதற்குள் தொங்கும் துணித் தொட்டிலில் இரண்டு ஆண் எலிகள். ஒன்று முழுக்க வெள்ளை, ஒல்லி. இன்னொன்றுக்குத் தலையும் தோளும் மட்டும் கறுப்பு, தொந்தியும் தொப்பையுமாக இருந்தது. வெள்ளையன் பெயர் பூரி, குண்டன் பெயர் கிழங்கு, அண்ணன் தம்பிகள் என்று லாவண்யா சொல்லியிருந்தாள். இரண்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அவரை மோந்தன. ரோஸ் நிறத்தில் விரல் விரலாக இருந்த அந்தக் கைகளை டில்லிபாபு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் கண்ணம்மா வந்தபோது கூண்டு கீழே ஹாலில் இருந்தது.

"இன்னா இது?"

"எலி."

"எலின்னு எனக்குத் தெரியாதா? ஊட்டுக்குள்ள இன்னாத்துக்கு கீதுன்னு கேக்குறேன்."

"அந்தப் பொண்ணு கால் ஒடஞ்சு கெடக்குது. வேற யார்கிட்ட குடுக்கும்? கொஞ்ச நாளைக்குத்தான்."

"என் கிட்டக்க வந்துச்சு, தொடப்பக்கட்டை பிஞ்சிடும்" என்றாள் கண்ணம்மா. எலிக்கா தனக்கா என்று டில்லிபாபு கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. அவர் வேர்க்கடலை கொடுத்தார், முறுக்கு கொடுத்தார். கூண்டில் விரிக்கிற காகிதத் துண்டுகள் தீர்ந்ததும், ஒன்றுவிட்ட தம்பி வீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து வைக்கோல் கொண்டுவந்து மெத்தென்று பரப்பினார். அப்போதுதான் பூரியின் முதுகைக் கவனித்தார். வெள்ளை மயிருக்கடியில் மஞ்சள் தேய்த்தது போல ஒரு நிறம். தொட்டால் பிசுபிசுப்பு. மயிரை விலக்கினால் தவிடு மாதிரி செதில்கள்.

எண்ணெயும் செதிலுமாகத் தோலைப் பார்த்ததும் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். தனக்கு வந்தது இதற்கும் வந்துவிட்டது என்றே முடிவு கட்டினார். பக்கெட்டில் வெந்நீர் விளாவி, தலைக்குப் போடும் ஷாம்பூவால் பூரியைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். அது கத்திக்கொண்டு அவர் முழங்கை வரை ஏறியது. குளித்ததும் பஞ்சு போல ஆனது. மூன்றாம் நாள் மறுபடியும் மஞ்சள். மறுபடியும் குளியல். பிறகு தினமுமே குளியல் என்றானது. கிழங்கையும் விடவில்லை.

எலிகள் சொறிய ஆரம்பித்தன. பின்னங்காலைத் தூக்கி, கழுத்தையும் தோளையும் வறட்டு வறட்டென்று சொறிந்தன. தோளில் மயிர் உதிர்ந்து பொருக்குத் தட்டியது. பூரி தொட்டிலைவிட்டு இறங்காமல் சுருண்டு கிடந்தது. கண்ணோரத்தில் சிவப்பாக ஏதோ காய்ந்திருக்க, ரத்தம் என்று பயந்து லாவண்யாவுக்கு வீடியோ போன் போட்டார்.

மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அவள் திரையில் வந்தாள். பூரியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"குளிப்பாட்டினீங்களா அண்ணே?"

"டெய்லி."

"என் தப்புதாண்ணே, நான் முன்னாடியே சொல்லிருக்கணும். ஆம்பள எலிக்கு வயசு வந்துட்டா தோல்ல அப்படித்தான் எண்ணெய் சுரக்கும். அது சீக்கு இல்ல. நெதம் குளிப்பாட்டினா தோலு காஞ்சு போயிரும். கண்ணுல இருக்கிறதும் ரத்தம் இல்ல, உடம்புக்கு முடியலன்னா அப்படிச் செவப்பா வடியும். டாக்டர்கிட்ட கொஞ்சம் தூக்கிட்டுப் போறீங்களா அண்ணே?"

மறுநாள் ஓட்டை போட்ட ஒரு அட்டைப் பெட்டியில் இரண்டையும் வைத்து, மடியில் அணைத்தபடி முகப்பேர் வரை ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் போனார். பக்கத்தில் உட்கார்ந்தவர் பெட்டிக்குள் என்ன என்று கேட்டதற்கு, "கொயந்தைங்க" என்று வாயில் வந்துவிட்டது. அந்த மனிதர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

கால்நடை டாக்டர் சித்ரா நடுவயதுப் பெண். நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுவே எலிகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பொருக்குள்ள இடத்தில் ஒரு துண்டு செலோடேப்பை ஒட்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"நீங்களும் பாருங்க."

டில்லிபாபு கண்ணை வைத்தார். கால்களை ஆட்டிக்கொண்டு ஏதோ ஒன்று நகர்ந்தது.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சி. கீழ என்ன விரிச்சீங்க?"

"வைக்கோல்மா. கொட்டாயிலேர்ந்து."

"அங்க ஊர் எலி ஓடியிருக்கும். அதுகிட்டேயிருந்து வந்திருக்கலாம். முதுகு எண்ணெய் வேற, இந்தப் பூச்சி வேற. எண்ணெயை வெதுவெதுப்பான ஈரத் துணியால துடைச்சா போதும். வாலை மட்டும் மெல்லிசான பிரஷ்ஷால அடியிலிருந்து நுனி வரைக்கும் தேய்க்கலாம். எதிர்ப்பக்கமா தேய்ச்சா செதில் பிஞ்சு வலிக்கும். கடலை, முறுக்கெல்லாம் வேண்டாம்."

இரண்டின் பிடரியிலும் சொட்டு மருந்து விட்டார். அளவு கொஞ்சம் கூடினாலும் எலி செத்துப்போகும், நாய்க்கு விற்கிற உண்ணி மருந்தை நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள் என்று எச்சரித்தார். சொறிந்து புண்ணாகாமல் இருக்க நகத்தை நுனி மட்டும் நறுக்கினார். டில்லிபாபு பூரியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது சட்டைக் கை மேலேறியிருந்தது.

"உங்க கைக்கு என்ன மருந்து போடறீங்க?"

"ஏதோ ஆயின்மென்ட்டும்மா. மெடிக்கல் ஷாப்ல குடுத்தான்."

"அதோட இதுங்களைத் தூக்காதீங்க. நக்கிடும், ஆகாது. வெடிச்ச தோலோட வெறுங்கையா தொடறது உங்களுக்கும் நல்லதில்ல. கிளவுஸ் போட்டுக்குங்க. அப்புறம், ஒரு தோல் டாக்டரைப் பாருங்க."

தனக்காக என்றால் டில்லிபாபு போயிருக்கவே மாட்டார். போய் என்ன ஆகிவிடப்போகிறது என்பதுதான் அவர் எண்ணம். இப்போது மருந்துக் கையோடு எலியைத் தூக்க முடியாது, தூக்காமலும் முடியாது. அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவில் வரிசையில் நின்றார். உள்ளே இருந்த இளம் டாக்டர், கையை எதில் கழுவுகிறீர்கள் என்று முதலில் கேட்டார்.

"சோப்புத் தூள்தான் சார். கம்பெனியில பழகினது. சில நாளு மண்ணெண்ணெய் தொட்டும் தொடைப்பேன். பிசுக்கு போவணும்ல?"

"இப்ப கம்பெனிக்கே போகலியே, என்ன பிசுக்கு?"

இல்லாத எண்ணெயைத்தான் டில்லிபாபு ஒரு வருஷமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

மருந்து மாறியது. சோப்புத் தூள் கழிப்பறையோடு நின்றது. ராத்திரிக்குத் தடவ வாஸ்லின் மாதிரி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் அவர் தடவப் போனபோது கண்ணம்மா டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குடு இப்டி. ஒரு கையால இன்னொரு கைக்கு எப்டி ஒய்ங்கா தடவுவே?"

விரல் இடுக்கு ஒவ்வொன்றாக, டிவி பார்த்தபடியே தடவிவிட்டாள். டில்லிபாபு தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாளாக அந்தக் கையை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. மறுநாள் அவருடைய தனித் தட்டைக் காணோம். தேடினார். கண்ணம்மா அதில்தான் எலிகளுக்குத் தண்ணீர் வைத்திருந்தாள்.

எலிகளின் பொருக்கு உதிர்ந்து புதுமயிர் முளைத்தது. ஆனால் கோடை தொடங்கும்போது கிழங்குக்குப் பின்னங்கால் இழுக்க ஆரம்பித்தது. வயதாகிவிட்டது, எலிக்கு ஆயுசே அவ்வளவுதான், வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் சித்ரா. கிழங்கால் திரும்பித் தன் முதுகை நக்க முடியவில்லை. இடுப்பில் பிசுக்கு சேர்ந்தது, அடிவயிற்றில் மூத்திரம் பட்டுச் சிவந்தது. டில்லிபாபு அதை மடியில் துண்டு விரித்துப் போட்டுக்கொள்வார். கிளவுஸ் மாட்டிய விரலில் ஈரத் துணியைச் சுற்றி, பிடரியிலிருந்து வால் வரை மெதுவாகத் துடைப்பார். கால் மடிப்புகளை ஒற்றி ஒற்றிக் காயவைப்பார். வெயில் ஏறினால் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வைப்பார். பூரி கூண்டிலிருந்து இறங்கிவந்து, அவர் துடைத்த இடத்தையே மறுபடியும் நக்கிச் சுத்தம் செய்யும்.

"ஒன் வேலையில அதுக்கு திருப்தி இல்லையாம்" என்பாள் கண்ணம்மா.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், துடைத்துக்கொண்டிருக்கும்போதே கிழங்கு அவர் மடியில் அடங்கியது. அவர் துணியைப் பிழிந்து நிமிர்ந்தபோது அதற்கு மூச்சு இல்லை. அப்போதும் மிச்சமிருந்த இடத்தைத் துடைத்து முடித்தார். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இரண்டிலும். பிறகு பூரியை இறக்கிவிட்டார். அது தம்பியைச் சுற்றிச் சுற்றி மோந்துவிட்டு, முகத்தை ஒரு முறை நக்கிவிட்டு, கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால் செம்பருத்திச் செடியடியில் புதைத்தார். லாவண்யாவிடம் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. கண்ணம்மாதான் போனை வாங்கினாள்.

"அயாதம்மா. சுத்தமா, நல்லா கீற மாதிரியேதான் போச்சு. இவர்தான் கூட இருந்தாரு."

ஆனி மாதம் லாவண்யா ஒரு ஊன்றுகோலோடு திரும்பிவந்தாள். பூரி அவள் கையை மோந்தது, ஞாபகம் வந்தது போல அவள் தோளில் ஏறி முடிக்குள் ஒளிந்தது. பிறகு இறங்கி டில்லிபாபுவின் சட்டைக் கைக்குள் புகுந்தது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

"இவன் தனியா இருக்கக் கூடாதுண்ணே, ஏங்கிப் போவான். என் ஃப்ரெண்டு வீட்டுல ரெண்டு குட்டி இருக்கு. ஆம்பளக் குட்டிங்க. கொண்டு வரட்டா?"

டில்லிபாபு கண்ணம்மாவைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்குற? நான் இன்னா இந்த ஊட்ல எலியே இல்லாம வாய்ந்துகினு கீறேனா?" என்றாள் அவள்.

குட்டிகள் வந்தன. பூரி முதல் நாள் உடம்பைப் பந்தாக உப்பிக்கொண்டு முறைத்தது. சில நாட்களில் குட்டிகளைக் குப்புறத் தள்ளி வலுக்கட்டாயமாக நக்கிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. கூண்டு கீழேயே இருந்தது. லாவண்யா வேலை முடிந்ததும் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிவருவாள்.

கைகள் முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் வெடிப்பு மூடி, மடக்கினால் வலிக்காத கைகளாயின. பழைய கூட்டாளி ஒருவர் சொல்லி, ஒரு சின்னக் கம்பெனியில் கடைந்து வந்த சாமான்களைக் கேஜ் வைத்து அளவு பார்க்கும் வேலை கிடைத்தது. எண்ணெய்த் தண்ணீர் படாத வேலை.

வேலைக்குப் போன முதல் நாள் கண்ணம்மாவுக்கு லீவு. சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது.

"யோவ், பூரி முதுவு மஞ்சளா கீது. தொடச்சி உட்டேன்."

"நீயா?"

"பின்ன, எதுத்த ஊட்டுக்காரி வந்து தொடைப்பாளா?"

"வாலை அடியிலேர்ந்து நுனிக்குத்தான்..."

"தெரியும், தெரியும். எவ்ளோ நாளா பாத்துகினு கீறேன். அது இருக்கட்டும், மடியில போட்டதுலேர்ந்து பல்லை கிறுகிறுன்னு கடிச்சிகினே கீது. கடிக்க வருதா, இன்னா?"

டில்லிபாபு டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். "இல்ல கண்ணம்மா. சந்தோசமா இருந்தா அது அப்டித்தான் பண்ணும்."

அந்தப் பக்கத்திலிருந்து கிறுகிறுவென்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணம்மா போனைப் பூரியின் வாயருகே கொண்டுபோயிருந்தாள்.